வன்னி மண்ணின் கதை – 12: ஆச்சி ஆண்ட கமம்

1803 ஒக்ரோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் படை சிதறியதோடு சென்ற பகுதி முடிந்தது. அந்தத் தோல்வியையும் அதை விளைவித்த கப்டன் வொன் ட்றிபேர்க்கின் பெயரையும் சொல்லும் கல்லொன்று அங்கே நாட்டப்பட்டது. வன்னியின் வரலாற்றை எழுதிய பலர் அந்தக் கல்லருகே நின்றுவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் 1905 வந்துவிடுகிறது, யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடத் தொடங்குகிறது. நடுவிலுள்ள நூறு ஆண்டுகள் காடு, காய்ச்சல், யானை என்று மூன்று சொற்களில் முடிந்துபோகின்றன.

அந்த ஒக்ரோபர் 31ஐக் கமக்காரரின் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி நடுப்பகுதி, காலபோக விதைப்பு நடக்கும் நேரம். ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டை பண்டாரவன்னியன் கையில் வீழ்ந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் பிரித்தானியப் படைகள் வன்னிக்குள் நுழைந்தன. புழுதி உழுது வரம்பு கட்டி மழை பார்த்திருக்க வேண்டிய மாதங்கள் சண்டையில் போயின. வடகீழ்ப் பருவமழை யாருடைய சண்டைக்காகவும் காத்திராது. ஐப்பசியில் விதை விழாத வயலில் தை, மாசியில் அரிவி வெட்டு இல்லை. வன்னித் தலைவர்களின் ஆட்சியான வன்னிமை முடிந்த பிறகும் ஆண்டுதோறும் இந்த மண்ணில் விதை விழுந்தது. அதை விழச் செய்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். கச்சேரிப் புத்தகங்களில் அவர்களுக்கு இடமில்லை. அதிகார், உடையார், விதானை என்று அரசு கொடுத்த பதவிகள் யாவும் ஆண்களுக்கே போயின. ஆனால் கமத்துக்குள்ளே, நெல் வைக்கும் கொம்பறைக்கும் குளக்கட்டுக்கும் நடுவே, ஆட்சி வேறு விதமாக நடந்தது.

வன்னிக்குப் பெண் தலைமை புதிதன்று. 1782இல் ஒல்லாந்தர் அடங்காத வன்னியை முற்றாக வெல்லப் படையெடுத்தபோது அவர்களை எதிர்த்து நின்றவர்களுள் மரியா செம்பாத்தை என்ற வன்னிச்சியும் ஒருவர். அவர் பிடிபட்டுக் கொழும்புக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். அதன் பின்னர் நாட்டை நிர்வகிக்க வந்த தோமஸ் நாகெல் 1793இல் வன்னியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1895இல், வன்னி மாவட்டங்களுக்கான பெரிய கையேட்டை எழுதிய ஜே. பி. லூயிஸ் நாகெலின் அறிக்கையைப் பெரிதும் துணைக்கொண்டார். இந்த இரண்டு எழுத்துகளுக்கும் இடைப்பட்ட காலமே நாம் இன்று பேசப்போகும் ஆச்சிமாரின் காலம். வன்னிச்சிக்குப் படையும் பட்டமும் இருந்தன. அவருக்குப் பின்வந்த கமக்காரப் பெண்ணிடம் இருந்தவை ஒரு குளத்தின் கீழே சில துண்டு வயல், ஒரு பட்டி எருமை, ஒரு சீதன ஓலை.

அந்த ஓலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வடக்குத் தமிழரின் வழமைகளைத் தொகுத்துத் தரும்படி ஒல்லாந்த ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சிமொன்ஸ் பணித்தார். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்திருந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்ற அதிகாரி அவற்றைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்துச் சரி என்று ஒப்பமிட்டார்கள். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதை அப்படியே சட்டமாக ஏற்றார்கள். இன்றும் நீதிமன்றங்களில் வழங்கும் தேசவழமை அதுதான். யாழ்ப்பாணத்தோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த வன்னிக் குடும்பங்களும் முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்வில் தேடிச் சேர்த்தது) என்ற மூன்று கூறுகளாகவே சொத்தை எண்ணின.

தேசவழமையின் முதற்பகுதியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தகப்பன் முதலில் இறந்து, வயதுவராத பிள்ளைகள் இருந்தால், சொத்து முழுவதும் தாயிடமே நிற்கும். பிள்ளைகளைத் தன்னோடு வைத்து வளர்க்க வேண்டும் என்பதே நிபந்தனை. மகள்மாரைக் கட்டிக்கொடுக்கும்போது அவர்களுக்குரிய சீதனத்தை அவள் கொடுத்தாக வேண்டும். ஆண்பிள்ளைகளோ, தாய் உயிரோடு இருக்கும்வரை எதையும் கேட்க முடியாது. மீசை முளைத்துக் கலியாணமாகிப் பிள்ளை பெற்ற மகனும் தாயின் சொல்லுக்குக் காத்திருந்தே வயலில் இறங்க வேண்டியிருந்ததன் சட்ட அடிப்படை இது. கணவனை இழந்த பெண் ஒடுங்கி மூலையில் இருந்தாள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சடங்குகளிலும் மங்கல காரியங்களிலும் அவளை ஒதுக்கினார்கள், உண்மைதான். கமத்தில் அவளை ஒதுக்க முடியவில்லை. முற்றத்துக் கோலத்திலிருந்து விலக்கப்பட்டவளின் கையில் விதைநெல் இருந்தது. ஒரே பெண்ணின் வாழ்வில் இந்த இரண்டும் ஒன்றாக இருந்தன என்பதை விளங்கிக்கொள்ளாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வன்னி வீடு ஒன்றை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

சீதனத்தின் வழியைப் பாருங்கள். பழைய தேசவழமையில் தகப்பனின் முதுசொம் ஆண்பிள்ளைகளுக்கும் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் இறங்கியது. பிள்ளையில்லாமல் ஒரு பெண் இறந்தால் அவளுடைய சீதனம் கணவனுக்குப் போகாது. அவளுடைய சகோதரிகளுக்கும் அவர்களுடைய பெண்மக்களுக்கும் திரும்பும். கொடுத்த சீதனத்தைப் பத்து ஆண்டுகளுக்குள் கையேற்காவிட்டால் உரிமை போய்விடும் என்ற கண்டிப்பும் உண்டு. ஆகவே ஒரு துண்டு வயல் தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளை பெண்ணின் வளவுக்கு வந்து குடியேறுவதே பெரும்பாலும் வழக்கம். ஒரே வேலிக்குள் ஆச்சி, அவளுடைய பெண்மக்கள், பேத்திமார். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த மருமக்கள் வயலிலும் பட்டியிலும் வேலை செய்வார்கள். மச்சானுக்கு மச்சாளைக் கட்டிவைக்கும் முறை இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியது. தமையன் மகனுக்குத் தன் மகளைக் கொடுத்தால் பிரிந்துபோன முதுசொமும் சீதனமும் அடுத்த தலைமுறையில் ஒரே குளத்தின் கீழே மீண்டும் சேரும். ஆச்சி கலியாணம் பேசும்போது வயலின் வரைபடம் அவள் மனதில் விரிந்திருக்கும்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நிலைமை? கலியாணமான பெண்ணின் அசையும் சொத்தும் சம்பாத்தியமும் பொதுச் சட்டத்தின்படி கணவனுக்கே சேர்ந்தன. அவள் தன் பெயரில் தனியே சொத்து வைத்திருக்கும் முழு உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. முல்லைத்தீவுக் கச்சேரியில் இருந்த துரைமார் தங்கள் தாய்க்கும் மனைவிக்கும் இல்லாத ஓர் உரிமையை வன்னியின் பெண்களிடம் கண்டார்கள். அதேவேளை இதை மிகையாகப் போற்றவும் கூடாது. கணவன் இருக்கும்வரை அவனுடைய சம்மதமில்லாமல் தன் அசையாச் சொத்தை அவள் விற்க முடியாது. அவளது முழு அதிகாரம் பெரும்பாலும் வெள்ளைச் சேலையோடுதான் வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேசவழமையில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. வயலையும் மாட்டையும் போல மனிதரும் சீதன ஓலையில் எழுதப்பட்டார்கள். கோவியர், நளவர், பள்ளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இன்னொருவரின் உடைமையாக இருந்தன. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக நீங்கியது 1844இல்தான். சட்டம் நீக்கிய பிறகும் குடிமை முறை வயலில் நீண்டகாலம் தொடர்ந்தது. ஆச்சி ஆண்ட கமத்தில் குனிந்து களை பிடுங்கியவர்களுக்கும் பெண்மக்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கச் சீதன ஓலையும் இருக்கவில்லை, வயலும் இருக்கவில்லை. கமக்காறிச்சி என்று அவர்கள் வாய்நிறைய அழைத்த ஒருத்தியின் பெருமையை எழுதும்போது அழைத்தவர்களின் உழைப்பையும் அதே பக்கத்தில் எழுதுவதுதான் நியாயம்.

இனி அவளுடைய ஆண்டுக்குள் போவோம். வன்னிக் கிராமம் என்பது முதலில் ஒரு குளம். குளக்கட்டில் ஐயனார், கட்டுக்குக் கீழே வயல், வயலுக்கு ஒதுக்குப்புறமாக வளவுகள், சுற்றிலும் காடு. ஓமந்தையானாலும் நெடுங்கேணியானாலும் முள்ளியவளையானாலும் பனங்காமமானாலும் இந்த அமைப்பு மாறாது. ஆவணி, புரட்டாதியில் புழுதி உழவு. நிலம் பெரிதாயிருந்து ஏர் போதாவிட்டால் எருமைகளை வயலுக்குள் ஓட்டி மிதிக்கவைத்துச் சேறாக்குவார்கள். நிலத்தை அளப்பதே விதையால்தான். இத்தனை மரக்கால் விதைப்பு, இத்தனை புசல் விதைப்பு என்று சொன்னால் பரப்பளவு விளங்கிவிடும். அப்படியானால் விதைநெல்லை வைத்திருப்பவர் கையில் நிலத்தின் அளவுகோலும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

விதைநெல் வைப்பது சிறிய காரியமல்ல. மாசி, பங்குனியில் சூடு மிதித்துத் தூற்றிய நெல்லில் முற்றியதைத் தெரிந்து, நன்றாகக் காயவைத்து, பதரும் கலப்பும் நீக்கிக் கொம்பறையில் தனியே போட வேண்டும். தடியால் கட்டி மண்ணும் சாணமும் மெழுகிய கொம்பறைக்குள் எலியும் ஈரமும் போகாமல் பார்க்க வேண்டும். மொட்டைக்கறுப்பன் ஒரு பக்கம், பச்சைப்பெருமாள் ஒரு பக்கம். எந்த வயலுக்கு எந்த நெல், மழை பிந்தினால் எதை விதைக்கலாம் என்பது அனுபவத்தால் வருகிற அறிவு. இவை எல்லாவற்றையும் விடக் கடினமானது, ஆடியிலும் ஆவணியிலும் அந்த நெல்லைத் தின்னாமல் இருப்பது. முந்திய போகத்து நெல் முடிந்து, வீட்டில் பத்து வாய்கள் பசித்திருக்கும் மாதங்கள் அவை. உலை வைக்கிறவளே விதையையும் காக்கிறவளாக இருந்ததால் இரண்டு பசிகளுக்கும் நடுவே ஒரே ஆள் நின்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. குரக்கன், சாமை, தினை, வரகு, காட்டுக் கிழங்கு, பாலைப்பழம், வீரைப்பழம் என்று வன்னிச் சமையலில் இத்தனை வகைகள் சேர்ந்ததற்குக் காரணம் சுவை மட்டும் அல்ல. விதைநெல்லைத் தொடாமல் ஒரு குடும்பத்தைப் புரட்டாதிவரை கொண்டுபோய்ச் சேர்த்த வழிகள் அவை.

சேனை இந்தக் கணக்கின் மறுபாதி. காட்டை வெட்டிச் சுட்டு ஓரிரு ஆண்டு குரக்கனும் எள்ளும் போட்டு, பின் காட்டிடமே விட்டுவிடும் பயிர்முறை அது. குளம் வற்றிய ஆண்டில் சேனைதான் சோறு போட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காடுகளையும் சேனை நிலங்களையும், உறுதியாலோ கொடையாலோ உரிமை நாட்டினாலன்றி, முடிக்குரியவை என்று கொண்டது. அதன்பின் தன் பாட்டி காலத்திலிருந்து வெட்டிவந்த காட்டை வெட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு விதானையாரிடம், விதானையார் கச்சேரியிடம். வயலில் அதிகாரம் பெற்றிருந்த பெண் காட்டு விளிம்பில் மனுக்காரியாக மாறினாள். வன்னிப் பெண்ணின் கையிலிருந்து நிலம் நழுவத் தொடங்கிய முதல் இடமாக இதைத்தான் நான் கருதுகிறேன்.

குளத்துக்கும் ஒரு கேடு வந்தது. 1832இல் பிரித்தானிய ஆணையாளர் கோல்புறூக்கின் பரிந்துரையால் ராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதரைக் கட்டாய உழைப்பிலிருந்து விடுவித்தது நல்லதுதான். ஆனால் ஊர்கூடிக் குளக்கட்டைத் திருத்தும் கட்டுப்பாடும் அதோடு தளர்ந்தது. கட்டில் ஓர் எலிவளை, ஒரு மரவேர், ஒரு கசிவு; மூன்றாம் ஆண்டு மாரியில் கட்டு உடைந்துவிடும். பழைய நீர்ப்பாசன வழமைகளுக்கு உயிர் கொடுக்க ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1870களில் ஆளுநர் கிரகரி காலத்தில், மண்வேலையைக் குடிகள் செய்தால் மதகை அரசு தரும் என்ற முறையில் கிராமக் குளங்கள் பல திருத்தப்பட்டன. அதுவரை கட்டு உடைந்த குளத்தை விட்டுக் குடிகள் இன்னொரு குளத்துக்குப் பெயர்ந்தார்கள். வன்னிக் காட்டில் இன்றும் காணப்படும் தூர்ந்த குளங்களின் அருகே ஓட்டுத் துண்டுகளும் புளியமரமும் இருந்தால், அங்கே ஒரு வளவு இருந்திருக்கிறது என்று ஊரவர் சொல்லுவார்கள்.

நோய்களைப் பற்றிப் பேசாமல் இந்த நூற்றாண்டைக் கடக்க முடியாது. காய்ச்சல் எப்போதும் இருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போகும் வடக்குப் பாதையில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்துத் தொழிலாளர் கால்நடையாக நடத்திச் செல்லப்பட்டார்கள். பசியிலும் கொள்ளைநோயிலும் அவர்கள் வழிநெடுக விழுந்து இறந்தார்கள். கொலரா பாதையோர ஊர்களுக்கும் பரவியது. மாட்டுக் கொள்ளைநோய் வந்த ஆண்டுகளில் பட்டி வெறுமையாகும். எருமை இல்லாத வீட்டில் உழவும் இல்லை, சூடுமிதிப்பும் இல்லை, நெய்யும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பறங்கிப்புண். உடலெங்கும் புண்ணாகி, எலும்பைத் தின்று, ஆளை முடமாக்கும் தொற்றுநோய். நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி டபிள்யூ. ஆர். கின்சி 1881இல் இந்த நோய்க்கென்றே தனி அறிக்கை எழுத வேண்டிய அளவுக்கு அது வன்னியையும் வடமத்திய மாகாணத்தையும் அரித்திருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஊசி மருந்து வந்த பிறகுதான் அது அடங்கியது.

இந்த நோய்கள் குடும்பத்தின் உருவத்தையே மாற்றின. காட்டிலும் சேனையிலும் திரிந்த ஆண்கள் இளவயதில் இறந்தார்கள். பிரசவத்திலும் பெண்கள் இறந்தார்கள். பிள்ளைகள் எல்லாரையும் விட அதிகம் இறந்தார்கள். தப்பி அறுபது வயதைத் தொட்ட பெண் ஒருத்தியைச் சுற்றி இறந்த மகளின் பிள்ளைகள், இறந்த தமையனின் பிள்ளைகள், தாயில்லாத மருமகள் என்று மீந்தவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். ஆச்சியின் குடும்பம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அவள் பெற்ற பிள்ளைகளின் பட்டியல் அல்ல, அவள் வளர்த்தவர்களின் பட்டியல். பிள்ளைகளைத் தன்னோடு வைத்து வளர்க்கும் வரை சொத்து அவளிடம் நிற்கும் என்ற தேசவழமை ஏற்பாட்டின் பொருள் இத்தனை சாவுகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. அவள் கையில் நிலம் நின்றதால்தான் அந்தப் பிள்ளைகள் ஓரிடத்தில் நின்றார்கள்.

பணம் அவள் கைக்கு எப்படி வந்தது? நெல்லால் மட்டுமல்ல. எருமைத் தயிரும் நெய்யும் பெண்களின் வரும்படி. நெய், தேன், மெழுகு, வத்தல் இறைச்சி, எள் ஆகியவை தவளமாட்டிலும் பின்னர் வண்டியிலும் வடக்கே போயின. யாழ்ப்பாணத்திலிருந்து புகையிலை, பனங்கட்டி, சீலை, பாய், பாத்திரம் வந்தன. உப்பு அரசின் தனியுரிமை. அதற்குக் காசு வேண்டும். நெல்வரி ஒன்று இருந்தது. விளைவில் பத்தில் ஒன்று என்பது அதன் பழைய கணக்கு. 1878க்குப் பின் அது விளைந்தாலும் விளையாவிட்டாலும் காசாகக் கட்ட வேண்டிய நிலுவையாக மாற்றப்பட்டது. கட்டத் தவறினால் நிலம் ஏலத்தில் போகும். மலையகத்தில் வலப்பனைப் பகுதியில் இப்படி நிலமிழந்தவர்களின் கதை இங்கிலாந்துப் பாராளுமன்றம்வரை எட்டியது. ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், 1892இல், நெல்வரி நீக்கப்பட்டது. அதுவரை வரிநாள் நெருங்கும்போதெல்லாம் ஒரு முட்டி நெய்யின் விலை வயலுக்குக் காவலாக நின்றிருக்கிறது.

இவ்வளவையும் சுமந்த பெண்ணை வன்னி தன் நினைவில் எங்கே வைத்தது? என் பதில் இரண்டு இடங்கள்.

ஒன்று, குமுழமுனைப் பக்கத்து அரியாத்தை கதை. யானை பிடிக்கும் பணிக்கருக்கு வன்னி பேர்பெற்றது. வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறை கொடுத்ததே யானைகளாகத்தான். ஊருக்குள் புகுந்து அழித்த ஒரு கொம்பனைப் பிடிக்க ஆண்கள் தயங்கினார்கள். வேலப்பணிக்கனின் பெண்சாதி அரியாத்தை வெற்றிலை வாங்கிக்கொண்டு கயிற்றோடு போனாள், யானையைக் கட்டிக் கொண்டுவந்தாள் என்று கதை சொல்கிறது. அந்தப் புகழைப் பொறுக்காதவர்கள் அவளுக்கு நஞ்சூட்டினார்கள். கணவன் அவள் சிதையிலேயே உயிரை விட்டான். இந்தக் கதை ஒப்பாரியாகப் பாடப்பட்டு, பின்னாளில் மேடை நாடகமாகவும் வந்தது. வெற்றி பெற்ற பெண்ணை ஊர் எப்படி நடத்தியது என்பதையும் ஒளிக்காமல் வைத்திருப்பதால் இந்தக் கதையை நான் மதிக்கிறேன்.

மற்றது வற்றாப்பளை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியை நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்கள் கண்டார்கள். அவர்கள் கண்டது களைத்த ஒரு மூதாட்டியை. அவள் பசிக்கிறது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டுகிறது, விளக்கு வை என்றாள்; எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை அள்ளி எரி என்றாள், எரிந்தது. தலை கடிக்கிறது, பாரடா பிள்ளை என்றாள். பார்த்த சிறுவனுக்குத் தலை நிறையக் கண்கள் தெரிந்தன. வைகாசி விசாகப் பொங்கலுக்கு இன்றும் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு ஏற்றுகிறார்கள். வளந்து வைத்துப் பொங்கல் நடக்கிறது. தமிழகத்தில் கண்ணகி என்றால் சிலம்பை ஏந்திய இளம்பெண். வன்னி அவளை ஆச்சியாகக் கண்டது. பசியும் தலைக்கடியும் உள்ள, சிறுவர்களை வேலை ஏவுகிற, எல்லாத் திசையும் கண்ணுள்ள கிழவி. இந்த உருவத்தைக் கற்பனை செய்ய வன்னி மக்களுக்கு மதுரைவரை போகத் தேவையிருக்கவில்லை. தங்கள் வளவுத் திண்ணையில் அவளைத் தினமும் பார்த்திருந்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஆச்சிமாரின் காலம் முடிந்தது எப்போது என்றால், பலர் ரயிலைச் சொல்வார்கள். ரயில் வந்தது 1905இல். வவுனியாவும் மாங்குளமும் கிளிநொச்சியும் நிலையங்களாயின. அதைவிடப் பெரிய மாற்றம் கனகராயன் ஆற்றின் குறுக்கே நடந்துகொண்டிருந்தது. 1902இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் முதற்கட்டம் நிறைவேறியது. அதன் கீழே 1930களில் குடியேற்றங்கள் எழுந்தன. கிளிநொச்சி ஒரு பட்டினமாக வளரத் தொடங்கியது. சிறுகுளத்துக் கமம் பெருங்குளத்துக் குடியேற்றத்துக்கு வழிவிட்டது. தண்ணீர் நிச்சயமானது; பட்டினி குறைந்தது. இதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் நிலத்தின் உரிமை எந்தத் தாளில் எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றவாசிக்குக் கொடுக்கப்பட்டது அனுமதிப்பத்திரம். அது பெரும்பாலும் குடும்பத் தலைவன் என்று கொள்ளப்பட்ட ஆணின் பெயரில் எழுதப்பட்டது. காணியைத் துண்டாக்க முடியாது, ஒருவருக்கே இறங்க வேண்டும். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிட்டால் யாருக்கு இறங்கும் என்பதைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிசைப்படுத்தியது; அதில் மகனுக்குப் பின்னே மகள் வந்தாள். கணவன் இறந்தால் மனைவிக்கு அனுபவிக்கும் உரிமை உண்டு. தன் விருப்பப்படி கைமாற்ற முடியாது. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். இப்போது 1707இன் ஏற்பாட்டை எடுத்து இதன் அருகே வையுங்கள். அங்கே மகன் தாயிடம் கேட்க முடியாமல் காத்திருந்தான். இங்கே மகனின் முறை முடிந்த பின்னே மகளின் பெயர் வருகிறது. பழையதிலிருந்து புதியதுக்குப் போகும்போது பெண்ணுக்கு உரிமை கூடும் என்பதுதான் நமது பொதுவான எண்ணம். வன்னியின் வயலில் நடந்தது நேர்மாறு. காடு 1840இல் கச்சேரிக்குப் போனது; குளத்தின் கீழான புது வயல் 1935க்குப் பின் ஆணின் பத்திரத்துக்குப் போனது. நடுவில் சீதனக் காணியாக மிஞ்சியது சிறிய பங்கு.

இதன் விளைவு 2009இல் போர் முடிந்த பின் வன்னி எங்கும் தெரிந்தது. முள்ளிவாய்க்காலிலிருந்து தடுப்பு முகாம்களுக்கும், அங்கிருந்து மீள்குடியேற்றத்துக்கும் வந்த குடும்பங்களில் பெருந்தொகையானவற்றுக்குத் தலைமை தாங்கியவர்கள் பெண்கள். கணவன் இறந்திருந்தான், அல்லது காணாமல் ஆக்கப்பட்டிருந்தான். பத்திரம் அவனுடைய பெயரில். இறப்புச் சான்றிதழ் எடுத்தால் தேடுவதைக் கைவிட்டதாகிவிடும் என்று மறுத்த பெண்கள், அது இல்லாததால் காணிப் பெயர்மாற்றம் செய்ய முடியாமல் பிரதேச செயலகங்களின் வாசலில் நின்றார்கள். வயலை உழுதவர்களும் பிள்ளைகளை வளர்த்தவர்களும் அவர்களே. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய பூட்டிமாருக்கு இருந்த உரிமை அந்த வாசலில் அவர்களுக்கு இருக்கவில்லை. மூன்றாம் அட்டவணையில் மகனையும் மகளையும் சமமாக வைக்கும் திருத்தம் 2022ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இரணைமடுக் கட்டு எழுந்த கதையையும், அதைக் கட்டிய பொறியியலாளர்களையும் கூலியாட்களையும், அதன் கீழே முதலில் காடு வெட்டி அமர்ந்த குடும்பங்களையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.